பந்தயத் தடத்துக்கும் வேண்டும் ஒரு பாதுகாப்பு ஆணையர்

2023ஆம் ஆண்டில் ஏழு மாத இடைவெளியில் ஒரே பந்தயத் தடத்தில் இரண்டு உயிர்கள் போயின. ஒருவருக்கு வயது 59. இன்னொருவனுக்கு 13.

ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தேசிய கார் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. சலூன் கார் பிரிவில் ஓட்டிய கே.இ.குமார் நெடுங்கால அனுபவசாலி. பந்தயத்தை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஆயுள் உறுப்பினர். சக போட்டியாளரின் காரோடு மோதியதில் அவருடைய கார் தடத்தைவிட்டு விலகி, வேலியில் இடித்து, தலைகீழாக விழுந்தது. மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது.

ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. அதே தடத்தில் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயம். புதியவர்களுக்கான ‘ரூக்கி’ பிரிவில் பெங்களூரைச் சேர்ந்த பள்ளி மாணவன் ஷ்ரேயாஸ் ஹரீஷ் ஓட்டினான். அன்று காலைத் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தவன். பந்தயம் தொடங்கிய சற்று நேரத்திலேயே, முதல் வளைவைத் தாண்டும்போது விழுந்தான். தலையில் பலத்த அடி. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். தடத்தில் காத்திருந்த ஆம்புலன்ஸ் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. காப்பாற்ற முடியவில்லை.

இரண்டு முறையும் மீதிப் போட்டிகளை ரத்து செய்தார்கள். இரங்கல் தெரிவித்தார்கள். அந்த இரங்கல் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பந்தயக்காரர்கள் சின்னக் கூட்டம், ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு நெருக்கமானவர்கள். குமார் இறந்தபோது, போட்டியை நடத்திய கிளப்பும், விளையாட்டை நிர்வகிக்கும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யும் விசாரணையைத் தொடங்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. என் கேள்வி அந்த அறிவிப்பிலிருந்துதான் பிறக்கிறது. தடத்தைப் பராமரிப்பது கிளப். போட்டியை நடத்துவதும் கிளப். போட்டிக்கு அனுமதியும், ஓட்டுபவருக்குப் பந்தய உரிமமும், ஓட்டும் விதிகளையும் தருவது கூட்டமைப்பு. ஒரு மனிதர் இறந்தபின், எங்கே தவறு என்று தேடுவதும் இதே இருவர்தான்.

இந்த ஏற்பாட்டில் என்ன கோளாறு என்பது எங்கள் திருச்சி பொன்மலைக்காரர்களுக்கு விளக்காமலே புரியும். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் இங்கே வந்த நாளிலிருந்து இந்த ஊர் ரயிலால் வாழ்கிறது. இங்கே மூன்று தலைமுறையாகப் பணிமனைக்குப் போன குடும்பங்கள் உண்டு. ரயில்வேயில் பெரிய விபத்து நடந்தால் இந்தக் குடியிருப்புகளில் முதலில் விழும் பேச்சு “எத்தனை பேர்?” என்பது. அடுத்தது, “சி.ஆர்.எஸ். எப்போ வர்றார்?” என்பது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் வருகிறார் என்றால் கோட்ட மேலாளரும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்பது கடைசிக் கலாசிக்கும் தெரியும். காரணம், அந்த ஆணையர் ரயில்வே வாரியத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். அவருடைய ஆணையம் இருப்பது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழே. ரயிலை ஓட்டுகிறவனே ரயில் விபத்தை விசாரிக்கக் கூடாது என்று 1941இல், வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, முடிவெடுத்துப் பிரித்துவைத்தார்கள். அப்போது அந்தப் பதவிக்கு அரசு ரயில்வே ஆய்வாளர் என்று பெயர். பெயர் பிற்பாடு மாறியது, ஏற்பாடு மாறவில்லை.

பழைய திருச்சி மாவட்டத்துக்காரர்கள் இந்த இடத்தில் அரியலூரை நினைக்காமல் இருக்க முடியாது. 1956 நவம்பர் 23, விடியற்காலை. மருதையாற்றில் வெள்ளம். தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பாலத்தருகே கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்கு இரண்டரை மாதம் முன்புதான் மெகபூப்நகரில் இன்னொரு ரயில் விபத்து. அப்போதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்து, நேரு அதை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி மறுபடியும் கடிதம் கொடுத்தார். இந்த முறை ஏற்கப்பட்டது. அரசியல் மேடைகளில் இன்றுவரை உதாரணமாகச் சொல்லப்படும் பதவி விலகல் அது.

சாஸ்திரி செய்தது மேன்மையானது. ஆனால் அமைச்சர் விலகியதால் மருதையாற்றுக் கரை ஏன் அரித்துப்போனது என்று யாருக்கும் தெரிந்துவிடாது. தார்மிகப் பொறுப்பு ஒன்று, காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு வேறொன்று. முதலாவது மனச்சாட்சி உள்ள மனிதரைப் பொறுத்தது. அவர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இரண்டாவதைச் சட்டமாக எழுதிவைக்கலாம். ரயில்வேயில் எழுதிவைத்திருக்கிறார்கள். பயணிகள் ரயில் விபத்தில் உயிர் போனால் தகவல் ஆணையருக்குப் போயாக வேண்டும். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் அதற்கும் அதன்பின் வரும் விசாரணைக்கும் தனித்தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறது. விசாரணை தொடங்கும் முன் நாளிதழில் அறிவிப்பு வரும்: விபத்தைப் பற்றித் தெரிந்த யாரும் இன்ன தேதியில் இன்ன இடத்தில் வந்து சாட்சி சொல்லலாம் என்று. டிரைவர் வரலாம், கேட்மேன் வரலாம், அந்த ரயிலில் பயணம் செய்த பாட்டியும் வரலாம்.

அந்த ஆணையம் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. ஆணையர்கள் பெரும்பாலும் ரயில்வே பொறியாளர்களாக இருந்து வந்தவர்கள். அறிக்கைகள் மக்கள் கைக்கு உடனே வருவதில்லை என்பது நெடுநாள் மனக்குறை. அப்படி இருந்தும், விபத்து நடந்த கோட்டத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர் வந்து தண்டவாளத்தில் குனிந்து பார்க்கிறார் என்பது பெரிய விஷயம்.

பொன்மலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டிய நேரம். திருச்சி விமான நிலையத்திலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுபாதை முடிவில் இருந்த கருவிகளையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டே மேலே எழுந்தது. சுவர் உடைந்து கிடந்த படத்தை மறுநாள் ஊரே பார்த்தது. விமானம் மும்பையில் இறங்கியது. 136 பேரும் உயிரோடு இருந்தார்கள். ஒரு காயம்கூட இல்லாத அந்தச் சம்பவத்தை, விமான நிறுவனத்தைச் சாராத விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு விசாரித்து, அறிக்கையை வெளியிட்டது. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது விமானியின் இருக்கைச் சாய்மானம் திடீரென்று பின்னே சரிந்தது, பிடிமானத்துக்காக அவர் கை விசை நெம்புகோலைப் பற்றியதில் இன்ஜின் விசை குறைந்துவிட்டது என்பதுவரை அதில் இருந்தது. இருக்கையின் பிடி தொடங்கி விமானியின் கைவரை. அப்படித் தோண்டினால்தான் அடுத்த விமானியின் இருக்கை சரியாகும்.

உயிர்ச்சேதமே இல்லாத சம்பவத்துக்கு நாட்டில் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. பந்தயத் தடத்தில் 13 வயதுப் பிள்ளை இறந்தால் அதற்கு ஈடான ஏற்பாடு எதுவும் சட்டத்தில் இல்லை. போலீஸ் வரும், சந்தேக மரணம் என்று வழக்கு எழுதும், பிரேதப் பரிசோதனை நடக்கும். அந்த வளைவில் தடத்துக்கு வெளியே எவ்வளவு காலி இடம் இருந்தது, விழுந்தவனுக்கும் பின்னால் வந்த வண்டிகளுக்கும் இடைவெளி எத்தனை நொடி, மஞ்சள் கொடி எப்போது அசைந்தது, அந்த வயதுக்கு அந்த வண்டி சரியான வண்டிதானா, ஒரே வரிசையில் எத்தனை பேரைப் புறப்பட விட்டார்கள் என்றெல்லாம் கேட்கத் தெரிந்த இன்ஸ்பெக்டர் எந்தக் காவல் நிலையத்திலும் இருக்க மாட்டார். அது அவர் குற்றமும் இல்லை.

போலீஸ் விசாரணை எதைத் தேடும் என்பதற்கு 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். தேசிய ராலியின் ஒரு கட்டம் கிராமப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. நாட்டின் முதன்மையான ராலி ஓட்டுநர் கௌரவ் கில் அசுர வேகத்தில் வந்துகொண்டிருந்தபோது எதிர்ப்பட்ட மோட்டார் சைக்கிள்மீது கார் மோதி, அதில் வந்த தாய், தகப்பன், மகன் மூவரும் இறந்தார்கள். ஓட்டுநர்மீதும் அமைப்பாளர்கள்மீதும் வழக்குப் பதிவானது. மூடப்பட்ட பாதைக்குள் ஒரு குடும்பம் எப்படி வண்டியோடு வர முடிந்தது? அந்தப் பாதையின் ஒவ்வொரு வாயிலிலும் யார் நின்றார்கள்? ஊருக்குள் முன்கூட்டித் தண்டோரா போட்டார்களா? ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கால் இந்தக் கேள்விகளுக்கு முழுப் பதில் கிடைக்காது. வழக்கு குற்றவாளியைத் தேடும். பாதுகாப்பு விசாரணை காரணத்தைத் தேடும். இரண்டும் வேண்டும்தான். நம்மிடம் முதலாவது மட்டும் இருக்கிறது.

வயது என்ற விஷயத்துக்கு வருவோம். என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

பொன்மலை ஜி கார்னரில் 13 வயதுப் பையன் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பிடிபட்டால் என்ன ஆகும்? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அப்பாவுக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ரத்து. கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆக வேண்டும் என்பது சட்டம். அதே பையன் மூடிய பந்தயத் தடத்தில், நெடுஞ்சாலை பார்க்காத வேகத்தில் ஓட்டலாம். வேண்டியது கூட்டமைப்பின் உரிமமும் பெற்றோர் கையெழுத்தும். இதில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதிரே லாரி வராத, ஆடு மாடு குறுக்கே வராத, டாக்டர் தயாராக நிற்கும் தடம் திருச்சிப் புறவழிச் சாலையைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. உலகச் சாம்பியன்களில் பலர் பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கியவர்கள் என்பதும் உண்மை.

ஆனால் அந்தக் கையெழுத்தை யோசித்துப் பாருங்கள். ‘இந்த விளையாட்டு அபாயமானது என்று அறிவேன், எது நடந்தாலும் அமைப்பாளரைப் பொறுப்பாக்க மாட்டேன்’ என்ற பொருளில் நீட்டப்படும் தாள் அது. உலகெங்கும் பந்தயங்களில் இது வழக்கம். 59 வயது மனிதர், வாழ்நாள் முழுக்கப் பந்தயத்தில் இருந்தவர், அந்தத் தாளில் கையெழுத்திடும்போது எதில் இடுகிறார் என்று அவருக்குத் தெரியும். 13 வயதுப் பையனுக்கு ஒரு செல்போன் இணைப்புக்குக்கூட ஒப்பந்தம் செய்ய நம் சட்டத்தில் தகுதி இல்லை. சிறுவர் செய்யும் ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று 1903இலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவனுக்காக அவன் தகப்பன் கையெழுத்திடுகிறார். மகனின் கனவுக்காகக் கடன் வாங்கி, வேலையை விட்டு, ஊர் ஊராக வண்டியை ஏற்றிக்கொண்டு அலையும் தகப்பன்மார் எனக்குத் தெரியும்; கிரிக்கெட்டிலும் உண்டு, பந்தயத்திலும் உண்டு. அந்த அன்பில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தடத்தின் வளைவையோ வண்டியின் தகுதியையோ சோதிக்கும் அறிவும் அதிகாரமும் அவருக்கு இல்லை. இல்லாதவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, இருப்பவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள அந்தத் தாள் வழிசெய்யக் கூடாது.

உலக அமைப்பு இதில் காலம் தாழ்த்தித்தான் கண்விழித்தது. 2021இல் ஒரே ஆண்டில் மூன்று இளைஞர்கள் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறந்தார்கள்: இத்தாலியின் முஜெல்லோவில் 19 வயது ஜேசன் டூபாஸ்கியே, ஸ்பெயினின் அரகோனில் 14 வயது ஹ்யூகோ மில்லான், ஹெரேஸில் 15 வயது டீன் பெர்ட்டா வின்யாலெஸ். அந்த ஆண்டு அக்டோபரில் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு குறைந்தபட்ச வயதை உயர்த்தியது. 2023 முதல் கிராண்ட் பிரீ போட்டிகளில் ஓட்ட 18 வயது. இளையோர் போட்டிகளில் ஒரே நேரத்தில் புறப்படும் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. மூன்று மரணங்களில் பொதுவாக என்ன இருந்தது என்று பார்த்தார்கள். மூவருமே கீழே விழுந்தபின் பின்னால் வந்த வண்டிகள் மோதியவர்கள். அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்தவை இந்த விதிகள்.

பந்தய உலகத்தில் இன்று நாம் காணும் ஒவ்வொரு பாதுகாப்புக் கவசத்துக்குப் பின்னாலும் யாரோ பிடிவாதமாகக் கேட்ட ஒரு கேள்வி இருக்கிறது. 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் மழையில் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் சறுக்கி விழுந்தது. ஸ்டியரிங் காலை அழுத்திக்கொண்டிருக்க, பெட்ரோல் உடம்பில் கொட்டிக்கொண்டிருக்க, அவர் சிக்கிக் கிடந்தார். காப்பாற்ற ஓடிவந்தவர்கள் சக ஓட்டுநர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரண்டும். ஸ்டியரிங்கைக் கழற்ற ஸ்பேனரை வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் இரவல் வாங்க வேண்டியிருந்தது. உலகின் உச்சப் பந்தயத்தில் ஒரு ஸ்பேனர் இல்லை! அதன்பின் ஸ்டூவர்ட் தடுப்புச் சுவர், மருத்துவர், இருக்கைப் பட்டை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தட உரிமையாளர்களுக்கு எரிச்சல். ‘பயந்தாங்கொள்ளி’ என்று எழுதியவர்களும் உண்டு. அவர் மூன்று முறை உலகச் சாம்பியன், கேட்பதை நிறுத்தவில்லை.

1994 மே 1, இத்தாலியின் இமோலா. முந்தைய நாள் ரோலண்ட் ராட்ஸன்பெர்கர் இறந்த அதே தடத்தில் அயர்ட்டன் சென்னா இறந்தார். அடுத்து நடந்ததை நம் ஊரில் பலர் அறிய மாட்டார்கள். இத்தாலிய அரசு வழக்கறிஞர்கள் அதை விளையாட்டுக்காரர்களின் வீட்டு விவகாரமாக விடவில்லை. சென்னா ஓட்டிய வில்லியம்ஸ் அணியின் தலைவர்களும் பொறியாளர்களும் நீதிமன்றம் ஏறினார்கள். முதலில் எல்லாரும் விடுவிக்கப்பட்டாலும் வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. 2007இல், ஸ்டியரிங் தண்டில் செய்த மாற்றம் மோசமானது, அதற்குத் தொழில்நுட்பத் தலைவர் பேட்ரிக் ஹெட் பொறுப்பு என்று உயர்நிலை நீதிமன்றம் சொன்னது. காலக்கெடு கடந்துவிட்டதால் தண்டனை இல்லை. பதிமூன்று ஆண்டு இழுத்த வழக்கு நல்ல முன்மாதிரி அல்ல. ஆனால் பந்தயத் தடத்து வாசலோடு நாட்டின் சட்டம் நின்றுவிடாது என்பதை அது காட்டியது.

தங்களைத் தாங்களே விசாரித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் சுசுகா சாட்சி. 2014 அக்டோபர் 5, மழை. தடம் விலகிய ஒரு காரை அப்புறப்படுத்த உள்ளே விடப்பட்டிருந்த கிரேன் வண்டிமீது ஜூல்ஸ் பியாங்கியின் கார் மோதியது. ஒன்பது மாதம் நினைவு திரும்பாமலே கிடந்து 2015 ஜூலையில் இறந்தார். சர்வதேச வாகனக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. தானே நியமித்த குழு, இரட்டை மஞ்சள் கொடிக்குப் பியாங்கி போதிய அளவு வேகத்தைக் குறைக்கவில்லை என்பதை முக்கியக் காரணங்களுள் ஒன்றாக வைத்தது. குடும்பம் கொதித்துப்போய் வழக்குத் தொடர்ந்தது. எஃப்.ஐ.ஏ. ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. மெய்நிகர் பாதுகாப்புக் கார் முறை 2015இலேயே வந்தது, ஓட்டுநர் தலைக்கு மேல் ‘ஹேலோ’ என்ற டைட்டேனியம் வளையம் 2018இல் கட்டாயமானது. 2020இல் பஹ்ரைனில் ரொமேன் க்ரோஷானின் கார் தடுப்பைப் பிளந்து தீப்பிடித்தபோது அவர் நடந்து வெளியே வந்ததற்கு அந்த வளையம் பெரிய காரணம். அத்தனைக்குப் பிறகும் 2022இல், அதே சுசுகாவில், அதே மழையில், கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்பு வண்டி மறுபடியும் தடத்துக்குள் வந்தது. உலகின் பணக்கார விளையாட்டுக்கே இந்தக் கதி.

நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் சம்பந்தப்பட்ட நாளும் இந்தக் கணக்கில் வரும். 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் கிழிந்து கார் சுவரில் மோதியது. எங்கள் டயர் இந்தத் தடத்தின் கடைசி வளைவைத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மிஷெலின் நிறுவனமே எழுதிக்கொடுத்தது. வேகத்தைக் குறைக்க அந்த இடத்தில் ஒரு வளைவு வைக்கலாம் என்றார்கள், எஃப்.ஐ.ஏ. மறுத்தது. மிஷெலின் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று மெதுவாக வந்து, பந்தயம் தொடங்கும் முன் கூடாரத்துக்குத் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. அவற்றில் ஜோர்டான் அணியின் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. கோயம்புத்தூர் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ரசிகர்கள் தண்ணீர் பாட்டிலை எறிந்தார்கள். அந்த நாளை விளையாட்டின் அவமானம் என்று எழுதினார்கள். என் பார்வையில் அந்த 14 கார்கள் திரும்பியது அவமானமே அல்ல. பெருத்த நஷ்டத்தோடு, லட்சம் பேர் முன்னிலையில், ‘எங்கள் பொருள்மீது எங்களுக்கே நம்பிக்கை இல்லை’ என்று ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிற்பாடு டிக்கெட் பணத்தையும் மிஷெலின் திருப்பித் தர முன்வந்தது. பொறுப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் பந்தய வரலாற்றில் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

இப்போது அரசுக்கு வருகிறேன். முன்பெல்லாம் கார் பந்தயம் என்பது சில பணக்காரர்களின் பொழுதுபோக்கு, அதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கலாம். சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுபாதையில் ஓட்டிய நாள்களிலும், 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தபின்னும், அது பெரும்பாலும் கிளப்பின் முயற்சியாகவே இருந்தது. அந்தக் கிளப் இல்லையென்றால் தென்னிந்தியாவில் பந்தயமே இருந்திருக்காது. 2024இல் நிலைமை மாறியது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கைகொடுக்க, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் நகரச் சாலையில், இரவு விளக்கில், ஃபார்முலா 4 கார்கள் ஓடின. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்ட மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அந்த அனுமதியைத் தரும் அரசே இங்கே பங்காளியும் ஆனது.

அந்த முதல் நாளில் நடந்ததை மறக்கக் கூடாது. தடத்துக்கான எஃப்.ஐ.ஏ. சான்றிதழ் வந்து சேரவில்லை. சான்றிதழ் இல்லாமல் ஓட்டக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கறாராக இருந்தது. கெடு நேரத்தை நீட்டிக் கொடுத்ததே தவிர நிபந்தனையைத் தளர்த்தவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் காத்திருந்தார்கள், தொலைக்காட்சி காத்திருந்தது. சான்றிதழ் வந்தபின்பே இரவில் கார்கள் கிளம்பின. வெளியே இருந்து ஒருவர் ‘நில்’ என்று சொன்னதால் எல்லாரும் நின்றார்கள். அன்றைக்கு அந்த ஒருவர் நீதிபதி. ஒவ்வொரு பந்தயத்துக்கும் யாராவது பொதுநல வழக்குப் போட்டு நீதிபதியை அழைத்துவர முடியாது.

பந்தயத் தடத்துக்கும் வெளியிலிருந்து ஒரு பாதுகாப்பு ஆணையர் வேண்டும் என்ற என் கோரிக்கையைப் பந்தயக்காரர்கள் எதிர்ப்பார்கள் என்று தெரியும். அவர்கள் சொல்வதில் ஒன்று கனமானது: “இந்தத் துறை தெரிந்தவர்கள் எல்லாரும் எங்களுக்குள்தான் இருக்கிறார்கள். வெளியே இருந்து வரும் அதிகாரிக்கு ரோல் கேஜும் தெரியாது, கழுத்துக் கவசமும் தெரியாது. கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து விளையாட்டையே மூடிவிடுவார்.” பயம் நியாயமானது. ரயில்வே இதற்கு வழி காட்டியிருக்கிறது. ஆணையராக வருபவர் துறை தெரிந்தவர்தான். ஆனால் அந்தப் பொறுப்பில் இருக்கும்வரை அவருடைய சம்பளமும் பதவி உயர்வும் விசாரிக்கப்படுபவர் கையில் இல்லை. பழைய பந்தய ஓட்டுநர், விபத்துச் சிகிச்சை மருத்துவர், வாகனப் பொறியாளர் ஆகியோரைக் கொண்டு ஒரு குழு அமைக்க முடியாதா? கிண்டியில் பொறியியல் கல்லூரி, ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம், திருச்சி துவாக்குடியில் என்.ஐ.டி. இருக்கும் மாநிலம் இது. தகுதியான ஆள் இல்லை என்று சொல்வது பொருந்தாது.

“அபாயம் தெரிந்துதானே வருகிறார்கள்” என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். தெரிந்து வருகிறார்கள். பணிமனையில் கொதிக்கும் இரும்பின் அருகே நிற்பவரும் தெரிந்துதான் போகிறார். அவர் செத்தால் தொழிற்சாலை ஆய்வாளர் வர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவைத்தது. அபாயத்தை ஏற்றுக்கொண்டவர் அலட்சியத்தையும் ஏற்றுக்கொண்டதாக ஆகாது.

பொன்மலையிலிருந்து இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊர்ப் பையன்கள் வேகத்தைத் தேடுகிறார்கள். 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிப் பம்பரம்போல் சுழன்று நின்ற காட்சி, இங்கே ஒவ்வொரு செல்போனிலும் ஓடியது. அவர் காயமின்றி இறங்கி நடந்தார். சில நாளில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அந்தக் காரின் எஃகுக் கூண்டையும், உடம்பைக் கட்டிப்பிடிக்கும் பட்டைகளையும், தீப்பிடிக்காத உடையையும் பற்றி ரசிகர்களில் எத்தனை பேர் பேசினார்கள்? 2023 தீபாவளியை ஒட்டித் திருச்சி அருகே ஓர் இளைஞர் வண்டியில் பட்டாசைக் கட்டி, முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிய வீடியோ பரவி, போலீஸ் கைது செய்தது. பெயர் எழுத வேண்டியதில்லை. அவரைப் போல நூறு பேர் புறவழிச் சாலையில் இரவு பத்து மணிக்குமேல் இருக்கிறார்கள். கைது செய்வது சரி. ஆனால் அவர்களிடம் “வேகம் வேண்டுமென்றால் முறையான தடத்துக்குப் போ” என்று சொல்லும் தகுதி நமக்கு வேண்டும். அந்தத் தடத்தில் ஒன்று நடந்துவிட்டால் ஏன் நடந்தது என்று பெற்றோரிடம் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்று காட்டினால்தான் அந்தத் தகுதி வரும்.

விளையாட்டுத் துறை அமைச்சகத்தையும் மாநில அரசையும் கேட்டுக்கொள்கிறேன். மோட்டார் பந்தயத்தில் உயிர் போனாலோ, ஓட்டுநரோ பார்வையாளரோ தடத்தில் கொடி காட்டும் மார்ஷலோ படுகாயம் அடைந்தாலோ, நடத்தியவர்களையும் கூட்டமைப்பையும் சாராத குழு விசாரிக்க வேண்டும் என்று விதி எழுதுங்கள். சாட்சி சொல்பவர் யாராயினும் வரலாம் என்று ரயில்வேயில் போல நாளிதழில் அறிவியுங்கள். காலக்கெடுவுக்குள் அறிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுங்கள்; பரிந்துரையைக் கிளப் ஏற்றதா, ஏற்காவிட்டால் ஏன் என்பதும் அதே பக்கத்தில் வரட்டும். 18 வயதுக்கு உட்பட்டவர் ஓட்டும் பிரிவுகளுக்கு வண்டியின் திறன், ஒரே நேரத்தில் புறப்படும் எண்ணிக்கை, ஒவ்வொரு வளைவுக்கும் வெளியே உள்ள காலி இடம் ஆகிய மூன்றையும் வெளியாள் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திடாமல் பந்தயம் தொடங்கக் கூடாது. பெற்றோரிடம் வாங்கும் தாளில் அமைப்பாளரின் அலட்சியத்துக்கு விலக்கு இல்லை என்று தெளிவாக எழுதுங்கள். தீவுத்திடலில் விளக்குப் போடச் செலவழிக்க முடிந்த மாநிலத்துக்கு இது பெரிய செலவு அல்ல. அடுத்த நகரப் பந்தயத்துக்கு அனுமதிக் கடிதம் எழுதும் முன் இந்த விதியை எழுதுங்கள்.